பெயர் தெரிந்தால் மரம், தெரியாவிட்டால் விறகு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "கட்டுமானத் துறையில வேலைவாய்ப்பு எப்படி இருக்குன்னு பசங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "அண்ணே, அதைப் பற்றிப் பேச என்னைவிட நல்ல ஆட்கள் நம்ம பேட்சிலேயே இருக்காங்க. நான் தீவு ஜனங்க செடி கொடிக்கு வைக்கிற பேர்களைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ சிவில்தானே படிச்சே?" என்றார்.

சிவில்தான் படித்தேன். 2008-ல் சேர்ந்து 2012-ல் வெளியே போனேன். ஒரு சிவில்காரன் செடியின் பெயரைத் தெரிந்துகொள்ளாததால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்தச் சிவில்காரன் வேறு யாருமில்லை, நானேதான். ஆகவே இது அறிவுரை இல்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அம்மம்மா

நம் ஊரிலிருந்து கடலைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மலையைச் சுற்றி வளர்ந்த எனக்குத் தீவு என்றால் பூகோளப் புத்தகம்தான். ஆனால் ஒரு தீவே நம் ஊருக்கு வந்து குடியிருந்தது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவன். அவன் இதே அரங்கில்தான் இருக்கிறான். பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக் கொண்டதால் சொல்லவில்லை. அவனுடைய அம்மாவின் அம்மா, அவர்கள் வழக்கில் அம்மம்மா, மன்னார்த் தீவுக்காரர். 1990-ல் படகில் கடல் கடந்து, மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து நம் ஊர்ப்பக்கம் அனுப்பப்பட்டவர். நான் பார்த்தபோது எழுபது வயது தாண்டியிருந்தது. முகாம் வீட்டு வாசலில் ஒரு முருங்கை, கொஞ்சம் கீரைப் பாத்தி, எண்ணெய் டின்களில் ஏழெட்டுச் செடிகள். எந்தச் செடியைக் கேட்டாலும் அதற்கு ஒரு பெயர், ஒரு கதை, ஒரு வைத்தியம்.

ஒருநாள் முகாமின் ஓரத்தில் நின்ற மரத்தைக் காட்டி, "அது என்ன மரம் தம்பி?" என்று கேட்டார். "ஏதோ ஒரு மரம் அம்மம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பேர் தெரிஞ்சாத்தான் மோனே அது மரம். தெரியாட்டி விறகு" என்றார்.

அப்போது அதை ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக் கொண்டேன்.

அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், நம் தல புராணக் கதையை அவருக்குச் சொன்னேன். பிரம்மா அன்னமாகவும் விஷ்ணு பன்றியாகவும் அடிமுடி தேடிய கதை இந்த ஊரில் யாருக்கும் தெரியாததில்லை. முடியைப் பார்த்துவிட்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால் சிவபூஜைக்கு ஆகாது என்று சாபம் பெற்றது. இதைக் கேட்டதும் அம்மம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு பொய்க்கு இவ்வளவு தண்டனையோ? பாவம் தாழை. எங்கட கரையில அது நிண்டாத்தான் மண் நிக்கும் தம்பி. உங்கட ஊருக்குக் கடல் இல்லை, அதான் அதின்ட அருமை தெரியேல்லை."

அன்றிரவு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் வரியில் "தாழை" என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஓராண்டு, போகும்போதெல்லாம் அவர் சொன்ன பெயர்களை எழுதி வைத்தேன். படிப்பு முடிந்ததும் நோட்டு என் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அம்மம்மா 2015-ல் காலமானார்.

தாழையின் மறுபக்கம்

நம் ஊரில் பொய்சாட்சி சொன்ன இந்தத் தாழை, கடலுக்குப் போனால் எவ்வளவு பெரிய மனிதர் என்று பாருங்கள். நிக்கோபார் தீவுகளின் பழங்குடி மக்களுக்குத் தாழை இனத்தின் பெரிய பழம்தான் காலங்காலமாக முக்கிய உணவு. பழத்தை வேகவைத்து, நாரிலிருந்து சதையைப் பிரித்துப் பிசைந்து உண்பார்கள். நமக்குச் சோறு எப்படியோ அப்படி. சிங்களத்தில் கடற்கரைத் தாழைக்கு வெட்டகேயியா என்று பெயர். 'வெட்ட' என்றால் வேலி. பின்பாதி நாம் கேதகை என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவு. முள்ளிலை நெருங்கி வளரும் இந்தச் செடி வேலியாக நிற்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

தாவரவியலில் தாழைக்குப் பாண்டனஸ் என்று பெயர். அது லத்தீன் என்று நினைத்திருந்தேன். மலாய் மொழிப் பாண்டான்தான் பாண்டனஸ் ஆகியிருக்கிறது. தீவு மக்கள் வாயில் வழங்கிய பெயர் விஞ்ஞானப் பெயராகியிருக்கிறது.

இந்தப் பெயர்களையெல்லாம் எழுதி வைத்தவர்களில் ரம்பியஸ் என்ற ஜெர்மானியர் முக்கியமானவர். டச்சுக் கம்பெனியின் வேலையாக, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போன் தீவுக்குப் போனவர். மாணவர்கள் கவனிக்க: அங்கே அவர் முதலில் பார்த்த உத்தியோகம் என்ஜினீயர்! தீவின் செடிகளை மலாய்ப் பெயரோடும், உள்ளூர்ப் பெயரோடும், மக்கள் சொன்ன உபயோகத்தோடும் எழுதிக்கொண்டே இருந்தார். 1670-ல் கண்பார்வை போயிற்று. 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் ஒரு மகளையும் இழந்தார். அதற்குப் பிறகும் தாம் சொல்லப் பிறர் எழுத வேலையைத் தொடர்ந்தார். 1702-ல் இறந்தார், 1741-ல்தான் அந்த நூல் அச்சேறத் தொடங்கியது. கண் இல்லாத ஒரு என்ஜினீயர் செய்த வேலை அது. இரண்டு கண்ணும் இருந்த இந்த என்ஜினீயர் என்ன செய்தேன் என்று இனிச் சொல்கிறேன்.

ராவணன் மீசை

2017-ன் தொடக்கம். ராமேசுவரம் தீவில், கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தனியார் தங்கும் விடுதிக்குச் சுற்றுச்சுவரும் பாதையும் போடுகிற வேலை. ஒப்பந்தக்காரர் தரப்பில் நான் தள என்ஜினீயர். வேலை தொடங்கும் முன் நிலத்தைப் பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மண் வகை, சரிவு, நிலத்தடி நீர் என்று கட்டங்கள் இருக்கும். 'தாவரம்' என்று ஒரு கட்டம். மணல்மேடு முழுவதும் ஊசி மாதிரி குத்துகிற ஒரு புல் படர்ந்திருந்தது. பேண்டைத் தாண்டிக் காலில் குத்தியது. நான் கட்டத்தில் எழுதினேன்: "முட்புல், புதர். பயன் இல்லை. அகற்றலாம்."

இரண்டே நாளில் ஜேசிபி வந்து அகற்றிவிட்டது. மேட்டையும் கொஞ்சம் சீவி மட்டமாக்கினோம். பாதை அழகாக அமைந்தது. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். நம் பேட்ச் குரூப்பில் முப்பது பேர் கைதட்டினீர்கள்.

வைகாசிக்கு மேல் அந்தப் பக்கம் கச்சான் காற்று ஆரம்பிக்கும். தென்மேற்குக் காற்றுக்கு அங்கே அப்படிப் பெயர். ஆடி மாதம் நான் மறுபடி போனபோது என் பாதையைக் காணோம்! முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிக் கிடந்தது. அது போகட்டும், கம்பெனி காசு, மறுபடி வாரிவிடலாம். வாரித் தீராதது வேறொன்று இருந்தது. மேட்டுக்குப் பின்னால் பக்கத்து மீனவக் குடியிருப்புப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற ஊற்று. மணலில் கையால் தோண்டிய குழிதான். கடல் கண்ணுக்கெதிரே இருக்க, அந்தக் குழியில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். அதுவும் மணலில் தூர்ந்துபோயிருந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முக்கால் கிலோமீட்டர் தள்ளி நடந்து கொண்டிருந்தார்கள்.

ஒரு வயதான அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ராவணன் மீசையைச் செரைச்சுப்புட்டீகளே தம்பி. இனி மண்ணு எங்கிட்டு நிக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன சொல்தான் என்னை நிறுத்தியது. ராவணன் மீசை! இந்தப் பெயரை எங்கேயோ எழுதியிருக்கிறேனே?

அந்த வாரமே ஊருக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நோட்டின் நான்காவது பக்கத்தில், என் கையெழுத்தில் இருந்தது: "ராவணன் மீசை: கடற்கரைப் புல். பந்து மாதிரி உருண்டு வரும். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். பிடுங்கினால் மண் வீட்டுக்குள் வரும்."

பெயர் என் நோட்டில் இருந்தது. புல் என் காலடியில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் நான் இருந்திருக்கிறேன்.

அந்தப் புல் செய்த வேலை

இப்போது கொஞ்சம் பாடம். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ராவணன் மீசை விறைப்பான, கூரான இலைகளை எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். இலைக்கூட்டத்தில் மோதியதும் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த காற்று மணலைக் கீழே போட்டுவிடுகிறது. மணல் மேலே மூட மூட, புல் படுதண்டுகளை விட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்து மேலே வருகிறது. இப்படித்தான் மேடு வளர்கிறது. கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறோமே, ஏறக்குறைய அதே சங்கதி. அதன் பெண் பூங்கொத்துகள் உருண்டையாக, குச்சிகுச்சியாக இருக்கும். காய்ந்ததும் ஒடிந்து காற்றில் உருண்டோடி, போகிற வழியில் விதையை உதிர்க்கும். அம்மம்மா சொன்ன பந்து இதுதான்.

சரி, ஊற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நல்லநீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. நான்காம் ஆண்டில் எழுதித் தேர்ச்சி பெற்ற கணக்கு! ஆக, மேட்டைச் சீவினால் போகிறது வெறும் மணல் இல்லை; அந்த மணல் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரும்தான். புல் மேட்டைக் காத்தது. மேடு ஊற்றைக் காத்தது. ஊற்றை நம்பி அந்தத் தெரு இருந்தது.

இதே புல்லுக்குச் சிங்களத்திலும் மகா ராவணன் தாடி என்ற பொருளில்தான் பெயர். மொழி வேறு, மதம் வேறு. ஆனால் கடலின் இரு கரையிலும் அதைப் பார்த்தவர்களுக்கு ராவணனின் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ராவணன் மீசையில் கை வைத்தால் சும்மா விடுவானா? ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற எச்சரிக்கைப் பலகை அந்தப் பெயர். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பெண்களோடு சேர்ந்து, வேறிடத்திலிருந்து கணுவோடு தண்டுகளை வெட்டி வந்து நட்டோம். காற்றுக்கு மறைப்பாகப் பனையோலைத் தட்டி கட்டினோம். பாதிதான் பிடித்தது. ஊற்றைப் பழைய இடத்தில் தோண்ட முடியவில்லை. கொஞ்சம் தள்ளிப் புதிதாகத் தோண்டினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கு உரிமை இல்லை.

பெயருக்குள் இருக்கும் சரக்கு

அதற்குப் பிறகுதான் அந்த நோட்டை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன். வேலை நிமித்தம் கடற்கரைக்குப் போகிற இடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். சில பெயர்களை மட்டும் சொல்கிறேன்.

அலையாத்தி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள சதுப்புநிலக் காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில், பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காடு மட்டும் காரணமா, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் காரணமா என்று விவாதமும் நடந்தது. விவாதம் இருக்கட்டும். அலையைத் தணிக்கிற அமைப்பு என்று நாம் தனிப்பாடமாகப் படிக்கிறதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

தில்லை. அதே சதுப்புக் காட்டு மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே இந்த மரத்தால் வந்தது. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லை என்ற பெயர் தெரிந்த பிள்ளை அதன் கிளையை ஒடிக்க மாட்டான். பெயர் தெரியாத சுற்றுலாப் பயணி ஒடிப்பான்.

அடம்பு. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்கிற கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி இலை. கடலில் சொறி பட்டு உடம்பு எரிந்தால் இதன் இலையைக் கசக்கிப் போடுவது கடலோர வைத்தியம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது ஈழத்தில் எல்லோர் வாயிலும் வருகிற பழமொழி. ஒற்றைக் கொடியை ஒரு பிள்ளை அறுத்துவிடலாம்; கொடிகள் திரண்டால் கடற்கரை மணலையே பிடித்து நிறுத்தும். முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது. பொருளாளர் குறித்துக்கொள்ளலாம்.

பெருக்கமரம். மன்னாரில் பள்ளிமுனையில் நிற்கும் இந்த மரத்தின் அடி சுற்றளவு 19 மீட்டருக்கும் மேல். நெடுந்தீவிலும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான கருத்து. பெருத்த மரம் என்பதால் அங்கே பெருக்கமரம். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று பெயர்: அடிமரத்தில் பொந்து இருப்பதால் பொந்தன்புளி, யானைபோல் பெரியது என்பதால் ஆனைப்புளி, அயல்நாட்டிலிருந்து வந்ததால் பப்பரப்புளி. பப்பரம் என்பது பழந்தமிழில் ஒரு பிறநாட்டின் பெயர். புளி என்பது பழத்தின் ருசி. உருவம், ருசி, பிறந்த ஊர் மூன்றும் பெயரிலேயே வந்துவிட்டன.

தீவுகளின் பெயரிலேயே செடிகள் உண்டு. யாழ்ப்பாணத் தீவுகளில் காரைதீவுக்குக் காரைச் செடியையும், புங்குடுதீவுக்குப் புங்கையையும் காரணமாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் வந்து தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. இன்று அங்கே போய் மிடில்பர்க் எங்கே என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? புங்குடுதீவு என்றால் கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

நம் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கு. 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கீழக்கரைக்கு அருகே ஒரு தீவின் பெயர் பூவரசன்பட்டி. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அந்தத் தீவு கடலுக்குள் போய்விட்டது. பட்டியும் இல்லை, பூவரசும் இல்லை. பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது.

தமிழே மறந்துபோன இடத்திலும் செடியின் பெயர் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக மொரிஷியசுக்கும் ரீயூனியனுக்கும் போன நம் மக்களின் வாரிசுகள் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் ரீயூனியனில் கறிவேப்பிலைக்குக் கலுப்பிலே என்றுதான் பெயர். மொரிஷியசில் முருங்கைக்கீரை இன்னும் முரும்தான். கப்பலில் போனவர்களின் பேச்சு போய்விட்டது. அடுப்படிச் செடியின் பெயர் போகவில்லை.

நம் தீவு

"இதெல்லாம் கடல்கரைக் கதை, நமக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி நினைப்பது தெரிகிறது. சமவெளி நடுவே தனியாக எழுந்து நிற்கிற மலைக்குப் புவியியலில் ஒரு ஜெர்மன் சொல் வழங்குகிறார்கள்: இன்செல்பெர்க். அதற்குப் பொருள் தீவு மலை. கிரிவலப் பாதையில் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் வயலும் வீடும் கடல் மாதிரி, நடுவில் மலை. நாமும் ஒரு தீவின் கரையில் குடியிருக்கிற ஜனங்கள்தான்.

அந்த மலை பல ஆண்டுகள் தீயிலும் வெட்டிலும் மொட்டையாகிக் கிடந்தது. 1980களின் கடைசியிலிருந்து பல அமைப்புகளும் தன்னார்வலர்களும் மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டிப் பாடுபட்டு வருகிறார்கள். பச்சை திரும்பியிருக்கிறது. ஆனால் பெயர் திரும்பியிருக்கிறதா? கோயில் தலமரம் மகிழம் என்று எல்லோரும் சொல்வீர்கள். மகிழ மரத்தைக் காட்டு என்றால் எத்தனை பேர் காட்டுவீர்கள்? பதினான்கு கிலோமீட்டர் பாதையில் பத்து மரத்துக்குப் பெயர் சொல்ல முடியுமா? கோபப்படாதீர்கள், உங்கள் வயதில் எனக்கும் தெரியாது. கிரிவலப் பாதையில் அத்தியந்தல் என்று ஊர் இருக்கிறது. அத்தியும் ஏந்தலும் என் காதில் விழுகின்றன. ஏந்தல் என்றால் ஏரி. இந்தப் பெயரைத் தினமும் பஸ்சில் கேட்டும் எனக்கு அத்தி மரம் நினைவுக்கு வந்ததே இல்லை.

இப்போது நான் நிரப்புகிற படிவங்களில் 'தாவரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கையால் ஒரு கோடு போட்டு, 'உள்ளூர்ப் பெயர். சொன்னவர் யார்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது நிரம்பாமல் எந்த நிலத்துக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒருநாள் தாமதம் ஆகிறது. மேலே உள்ளவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு பெரியவரைப் பிடியுங்கள். ஆடு மேய்ப்பவர், கீரை விற்கிற பாட்டி, நாட்டு வைத்தியர், முகாமில் இருக்கும் அம்மம்மா, யாராகவும் இருக்கலாம். அவரோடு நடந்து போய், செடியின் முன்னால் நின்று பெயரைக் கேளுங்கள். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். அதுதான் என் தப்பு. பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று கேளுங்கள். இலை, பூ, காய் தெரிய போட்டோ எடுங்கள். அந்தக் காலத்தில் எனக்கு அந்த வசதி இல்லை. உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. தாவரவியல் துறை ஆசிரியர்களிடம் காட்டி விஞ்ஞானப் பெயரையும் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஒன்றுகூடல் மலரில் இந்தப் பட்டியலை அச்சிடும் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. (இதை என் நண்பர்களிடம் இன்னும் கேட்கவில்லை. இப்போது எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன், இனி மறுக்க முடியாது.)

ஏன் அவசரம் என்றால், என் நோட்டில் இன்னும் பன்னிரண்டு பெயர்களுக்குச் செடி தெரியவில்லை. மன்னார்க்காரர்கள் பலரிடம் காட்டிவிட்டேன். "கேள்விப்பட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள். அம்மம்மா இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவர் உயிரோடு இருந்தபோது நான் வேலை தேடிக் கொண்டிருந்தேன். பிறகு வேலையில் இருந்தேன். அந்தப் பன்னிரண்டு செடியும் ஏதோ ஒரு கரையில் நின்று கொண்டிருக்கலாம். என்னைப் போல ஒருவன் அவற்றை "புதர்" என்று எழுதிக் கொண்டும் இருக்கலாம்.

முடிக்கிறேன். பனையோலைக்கு வயசுக்கு ஒரு பெயர் சொல்வார் அம்மம்மா. பிஞ்சு ஓலை குருத்தோலை. அதற்கடுத்த பருவம் சாரோலை. காய்ந்து விழத் தயாராக இருப்பது காவோலை. காவோலை விழும்போது குருத்தோலை சிரித்ததாம் என்பது பழமொழி. இங்கே முன்வரிசையில் இருப்பவர்களைக் காவோலை என்று சொன்னால் எனக்கு அடி விழும். பின்வரிசைத் தம்பி தங்கைகள் குருத்தோலை. நான் நடுவில் உள்ள சாரோலை. மேலேயும் கேட்கலாம், கீழேயும் சொல்லலாம். அந்த இடத்தில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மதிய விருந்துக்கு மணி அடித்துவிட்டார்கள். சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்கும்போது கடல் தாண்டிப் போன அந்தப் பெயரை ஒரு தடவை நினைத்துக் கொள்ளுங்கள்.